கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த தாள்

மலேசியாவின் பேரா மாநிலத்தில் ஒரு தோட்டப்புற நகரம். அங்கே சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் பத்து வருடம் வேலை பார்த்தேன். ஊர்ப்பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டாம். அவர் இப்போது பேரப்பிள்ளையோடு நிம்மதியாக இருக்கிறார். மக்கள் பிரதிநிதியை மரியாதையாக அழைக்கும் 'யாங் பெர்ஹொர்மாட்' என்பதன் சுருக்கம் வைபி; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. பதவி போன பிறகும் எனக்கு அவர் வைபிதான்.

முதலில் எங்கள் மையம் ஒரு கோப்பிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வயதானவர்கள் படியேறத் திணறுவதைப் பார்த்து, இரண்டாவது வருடம் கீழே ஒரு பழைய தையல்கடையை வாடகைக்கு எடுத்தோம். பதினாறு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு காற்றாடி, ஒரு போட்டோஸ்டாட் மிஷின். திங்கட்கிழமை காலை எட்டரைக்கே அஞ்சடியில், கடைமுன் நடைபாதையில், ஆட்கள் நிற்பார்கள். செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் வேலை முடிந்து மதியத்துக்கு மேல் வருவார்கள். சேறு படிந்த பூட்ஸை வெளியே கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்காருவார்கள். "நல்லா சாஞ்சு உட்காருங்கண்ணே" என்று சொன்னாலும் உட்கார மாட்டார்கள். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எந்த ஆபிசுக்குப் போனாலும் அவரும் இப்படித்தான் உட்காருவார். அந்த நுனி நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வேலையின் பாரம் புரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வைபி எனக்கு ஒரு தாளைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை. எது கோலாலம்பூரின் கையில், எது மாநிலத்தின் கையில் என்று பிரித்துச் சொல்லும் பட்டியல் அது. குடியுரிமை, கல்வி, ஆஸ்பத்திரி, போலீஸ், தொழிலாளர் விவகாரம் எல்லாம் கூட்டரசு. நிலம், ஊராட்சி, விவசாயம், காடு மாநிலம். எங்களிடம் வந்தவர்களில் பாதிக்குமேல் கூட்டரசுப் பிரச்சினையைத்தான் கொண்டுவந்தார்கள். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை, சொக்சோ எனப்படும் தொழிலாளர் காப்புறுதிப் பணம், பிள்ளைக்குப் பள்ளி மாற்றம். "இது எங்க வேலை இல்ல" என்று ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. ஆனால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று நமக்கே தெரியாவிட்டால், ஏழைகளை நாமே அலைக்கழித்துவிடுவோம்.

சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, குப்பை லாரி வரவில்லை என்ற புகார்களும் குவியும். அவை மாவட்ட மன்றத்தின் வேலை. 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. 1976-இல் வந்த ஊராட்சிச் சட்டம் அதை ஒரேயடியாக எடுத்துவிட்டது. அதிலிருந்து மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஆளை யாருக்குத் தெரியும்? சாக்கடைக்கும் சட்டமன்ற உறுப்பினரைத்தான் தேடி வருவார்கள். சட்டம் இயற்றத் தேர்ந்தெடுத்த மனிதர் காலையில் கைலியோடு நின்று சாக்கடையை எட்டிப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்தில், நாடு சுதந்திரம் அடைவதற்குப் பத்து வருடத்துக்கும் முன்னால் பிறந்தவர். கையில் சிவப்பு அட்டை. "நான் இந்த மண்ணுல பொறந்தவ தாயி, வைபிகிட்ட சொல்லி ஒரு கடுதாசி வாங்கிக் குடு" என்றார். வைபியின் கடிதம் கட்டளை என்று மக்கள் நம்புகிறார்கள். அது வெறும் சிபாரிசு. அதிகாரி அதைக் கோப்பில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடலாம். வேலை செய்வது ஆதாரம்தான். 31 ஆகஸ்ட் 1957-க்கு முன் இங்கே பிறந்தவர்கள் பதிவின் மூலம் குடியுரிமை கேட்க அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு இடம் தருகிறது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஏழு வருடத்தில் ஐந்து வருடமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், ஓரளவு மலாய் தெரிய வேண்டும், நன்னடத்தை வேண்டும். பாட்டிக்கு எல்லாம் இருந்தது, பிறந்ததற்கு ஒரு துண்டுத் தாளைத் தவிர. பேசிக்கொண்டே இருக்கும்போது, மூன்றாம் வகுப்புவரை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்ததாகச் சொன்னார். அந்தப் பள்ளி இடம் மாறி இன்றும் நடக்கிறது. தலைமையாசிரியர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து கரையான் அரித்த சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தார். பாட்டி பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், பிறந்த வருடம், எல்லாம் மை மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. குடிமக்களுக்கான நீல அட்டை கைக்கு வர ஆறு வருடம் ஆனது. பழைய தோட்டத்து மனிதர்களுக்கு ஆதாரம் தேடுகிறவர்கள் பள்ளிப் பதிவேடு, தோட்டத்து ஆஸ்பத்திரிப் புத்தகம், செக்ரோல் எனப்படும் தோட்டத்துச் சம்பளப் பதிவேடு ஆகிய மூன்றையும் கேட்காமல் விடாதீர்கள்.

எந்த இலாகாவில் எந்தக் கடிதம் கொடுத்தாலும், அதே கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு சாப்பு, அதாவது முத்திரை, வாங்குங்கள். பத்து வருடத்தில் நான் கற்றதிலேயே அதிகம் பயன்பட்டது இதுதான். "கொடுத்தோம், தொலைச்சிட்டாங்க" என்பது பேச்சு. சாப்பு இருந்தால் அது வழக்கு.

வைபியின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்பார்கள். காலை ஆறரைக்குப் போன் அடிக்கத் தொடங்கும். பகலில் மையம், மாவட்ட அலுவலகக் கூட்டம். மாலையில் பள்ளி நிகழ்ச்சி. இரவில் சாவு வீடு. எங்கள் பக்கம் சட்டமன்ற உறுப்பினர் கல்யாணத்துக்கு வராவிட்டால் மன்னிப்பார்கள். சாவுக்கு வராவிட்டால் மறக்க மாட்டார்கள். கார் டேஷ்போர்டில் எப்போதும் ஒரு கட்டு வெள்ளை உறை இருக்கும். அந்த உறைக்குள் போன பணம் அவருடைய சம்பளம். அரசு ஒதுக்கீடு என்று ஊர் பேசுகிற பணம் அவர் கைக்கு வந்ததே இல்லை. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட அலுவலகம் நேராக வேலையை ஒப்பந்தம் எடுத்த குத்தகைக்காரருக்கோ பள்ளிக்கோ கொடுக்கும். இதை விளக்கினாலும் யாரும் நம்பவில்லை. மாதக் கடைசியில் அக்கா, அவர் மனைவி, என்னிடம் மெதுவாகக் கேட்பார்: "இந்த மாசம் எத்தன உறை போச்சும்மா?" அக்கா அந்தப் பத்து வருடமும் கிண்டர்கார்டன் ஆசிரியை வேலையை விடவில்லை. விட்டிருந்தால் வீடு நடந்திருக்காது. அரசியலுக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பதவியை நம்பாத ஒரு வருமானம் வீட்டில் இருக்கட்டும். கடன்காரனாக இருக்கிற உறுப்பினரிடம்தான் குத்தகைக்காரர்கள் முதலில் வந்து உட்காருவார்கள்.

மகனுக்கு எஸ்டிபிஎம் எனும் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு முடிவு வந்த நாளில் ஆறு கரை மீறி, வைபி மூன்று தோட்டத்து ஆட்களைப் பள்ளி மண்டபத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். பையன் முடிவை எனக்குத்தான் முதலில் அனுப்பினான், அப்பாவிடம் காட்டச் சொல்லி. நல்ல முடிவு. முழங்கால் தண்ணீரில் நின்றபடி போனைப் பார்த்தார், துடைத்தார், திரும்பப் பார்த்தார். அப்புறம் "அரிசி மூட்டை வந்துச்சா?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது.

இனி கோயில் விஷயம். இதை எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான்.

நகரத்திலிருந்து பத்து நிமிடத் தூரத்தில், தோட்டத்தின் விளிம்பில் ஒரு மாரியம்மன் கோயில். தோட்டம் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, ஆட்களெல்லாம் நகரத்து அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். கோயில் மட்டும் நின்றது. கோயில் நிற்கும் இடம் மாநில அரசின் நிலம். ஒரு நாள் சர்வேயர்கள் வந்து, கோயில் வேலிக்குள் சிவப்பு பெயிண்ட் அடித்த மரக்குச்சிகளை அடித்துவிட்டுப் போனார்கள். அன்று மாலையே கோயில் தலைவர் நாலு பேரோடு வந்துவிட்டார். எழுபது வயது, முன்பு அதே தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. "நூறு வருசக் கோயில் வைபி. அதுவுமில்லாம எங்ககிட்ட கிராண்ட் இருக்கு" என்றார். கிராண்ட் என்றால் நிலப் பட்டா.

நூறு வருடம் என்ற வாதத்தை வைபி தொடவே இல்லை. தேசிய நிலச் சட்டம் 48-ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: எத்தனை காலம் இருந்தாலும், இருந்ததாலேயே அரசு நிலம் யாருக்கும் சொந்தமாகாது. தனியார் நிலத்துக்கும் அதே சட்டத்தில் அதே நிலைதான். நம் மக்கள் மேடையில் ஏறிச் சொல்லும் முதல் வாதம், நில அலுவலகத்தில் எடுபடாத வாதம். அவருக்கு அது தெரியும். "கிராண்ட்ட பாக்கலாமா ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

கோயில் அலுவலக அறைக்குப் போனோம். அம்மன் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு கடிதம் மாட்டியிருந்தது. இருபது வருடத்துக்கு முந்தைய கடிதம். மாநில ஆட்சிக்குழு, அதாவது மாநில அமைச்சரவை, கோயிலுக்கு நிலம் ஒதுக்க ஒப்புதல் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தது. வைபி கண்ணாடி அருகே முகத்தைக் கொண்டுபோய் இரண்டு தடவை படித்தார்.

"இது கிராண்ட் இல்லீங்கய்யா. ஒப்புதல் கடிதம். பிரிமியம் கட்டுன ரசீது இருக்கா?"

தலைவர் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. பழைய செயலாளர் இறந்து பல வருடம். பத்திரங்கள் எங்கே என்று கேட்டதற்கு, "எல்லாம் இந்தச் சட்டத்துலதான் இருக்கு" என்றார் ஒருவர். நான் நாற்காலி போட்டு ஏறி அதைக் கழற்றினேன். பின்பலகையைப் பிடித்திருந்த ஆணிகள் துருப்பிடித்திருந்தன. சாவிக்கொத்தால் நெம்பினேன். பலகைக்கும் கடிதத்துக்கும் நடுவில், கண்ணாடியோடு இறுக்கமாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு தாளை நாலாக மடித்து அண்டை கொடுத்திருந்தார்கள். விரித்தேன். 5ஏ படிவம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்சிக்குழு நிலம் கொடுக்க ஒப்புக்கொண்டதும், நில அலுவலகம் 5ஏ படிவத்தை அனுப்பும். நிலத்துக்காக அரசுக்குக் கட்டும் பிரிமியம், முதல் வருட நிலவரி, அளவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து இத்தனை, இந்தத் தேதிக்குள் கட்டு என்று அதில் இருக்கும். கட்டினால்தான் கிராண்ட் நோக்கி வேலை நகரும். தேதி தாண்டினால் ஒப்புதல் செத்துவிடும். ஒப்புதலைக் கொண்டாடிச் சட்டம் போட்டவர்கள், அதை உயிரோடு வைத்திருக்க வேண்டிய தாளை அதற்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். படிவத்தில் இருந்த தொகை, ஒரு வருடத் திருவிழாவுக்குப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகிற செலவுக்குள் அடங்கும்.

தலைவர் அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, அப்படியே சன்னிதிப் பக்கம் பார்த்து நின்றார். அழவில்லை. "எங்களுக்குப் படிக்கத் தெரியல வைபி" என்றார். "நீங்க ஒன்னும் தப்புப் பண்ணல ஐயா. படிச்சுச் சொல்ல வேண்டியவங்க வரல" என்றார் வைபி. அன்று இரவு காரில் திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார். அவருடைய தாத்தா, மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களுக்காக 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதாமாதம் பணம் கட்டியவராம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு ரசீதையும் பிஸ்கட் டின்னில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாராம். "தாத்தாவுக்கு யாரோ ஒருத்தர் சொல்லிக் குடுத்திருக்காங்க. இவங்களுக்கு யாரும் சொல்லல."

மறுநாளிலிருந்து புதிதாகத் தொடங்கினோம். முதல் தடை நில அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே வந்தது: கோயில் சங்கமாகப் பதிவானது, ஆனால் பல வருடமாக ஆண்டறிக்கை அனுப்பவில்லை. ஆண்டுக்கூட்டம் நடந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை போக வேண்டும். அது போகாத சங்கத்தின் பெயரில் நிலம் கேட்டால் விண்ணப்பம் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். பழைய கணக்குகளைத் திருவிழா நோட்டீசுகளிலிருந்தும் வங்கிப் புத்தகத்திலிருந்தும் தோண்டி எடுக்க எனக்கு நாலு மாதம் ஆனது. கோயில் கமிட்டியில் யாராவது ஒரு படித்த பிள்ளையை, அது பெண்பிள்ளையாக இருந்தாலும் சரி, செயலாளராகப் போடுங்கள் என்று நான் எல்லாக் கோயிலிலும் மன்றாடுவது இதனால்தான்.

இதற்கிடையில் சிலர் தற்காலிக உரிமம், அதாவது டி.ஓ.எல், வாங்கிக்கொண்டால் போதாதா என்றார்கள். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் அது வருடக் கடைசியோடு முடிந்துவிடும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், இன்னொருவருக்கு மாற்ற முடியாது. தனி ஆள் பெயரில் எடுத்தால் அவர் இறந்த அன்றே உரிமமும் போய்விடும். இறந்துபோன தலைவர்களின் பெயரில் டி.ஓ.எல் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் கோயில்களை நானே பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் நில அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டது. இங்கேதான் சாதாரணச் சட்டமன்ற உறுப்பினரின் எல்லை தெரியும். நிலத்தை முடிவுசெய்வது மாநில முதல்வரான மந்திரி பெசார் தலைமையில் கூடும் ஆட்சிக்குழு. பேராவில் சட்டமன்றத்துக்கு 59 பேர். ஆட்சிக்குழுவில் இருப்பவர்கள் ஒரு சிலர். எங்கள் வைபி அதில் இல்லை. அவரால் முடிந்தது இரண்டு: ஆட்சிக்குழுவில் இருப்பவரைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது, ஈப்போவில் சட்டமன்றம் கூடும்போது கேள்வி கேட்பது.

கேள்வி கேட்பது ஒரு கலை. முதல் வருடம் அவர் எழுதிய கேள்வி, "இந்தியர் வழிபாட்டுத் தலங்களின் நிலப் பிரச்சினையைத் தீர்க்க அரசு எடுத்த நடவடிக்கை என்ன?" கிடைத்த பதில், அரசு என்றும் அக்கறையோடு இருக்கிறது என்று இரண்டு பக்கம். சட்டமன்றம் வருடத்தில் சில நாள்தான் கூடுகிறது; ஒரு கேள்வி வீணானால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதன்பிறகு நாங்கள் வேறுமாதிரி எழுதினோம்: இந்த மாவட்டத்தில் வழிபாட்டுத் தலங்களுக்கான நில விண்ணப்பங்கள் எத்தனை நிலுவையில் உள்ளன, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் பெறப்பட்டது, எந்த மேசையில் இருக்கிறது? எண்ணையும் தேதியையும் கேட்டால், பதில் எழுத வேண்டிய அதிகாரி கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். அந்த மாதம் நில அலுவலகத்திலிருந்து தலைவருக்கு முதல்முறையாகப் போன் வந்தது, இடத்தைப் பார்க்க வருகிறோம் என்று.

கோப்பு ஆட்சிக்குழுவுக்குப் போகும் கட்டத்தில் சட்டமன்றம் கலைக்கப்பட்டது. தேர்தலில் வைபி தோற்றார்.

தோல்வியின் அடுத்த நாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. போன் அடிக்கவில்லை. பத்து வருடத்தில் முதல்முறையாக அவர் காலை எட்டுவரை தூங்கினார் என்று அக்கா சொன்னார். மையத்தை மாதக் கடைசிக்குள் காலிசெய்ய வேண்டும். அலமாரியில் நூற்றுக்கணக்கான கோப்புகள். கட்சிக்காரர் ஒருவர் வந்து, "எல்லாத்தையும் எரிச்சிடுங்க, இல்லாட்டி அவனுங்க பேர் வாங்கிக்குவாங்க" என்றார். பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆட்சி எவ்வளவு வேகமாக மாறும் என்று பேராக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர் விலகியதிலேயே மாநில அரசு கவிழ்ந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் சேவை மையங்களின் கோப்புகள் குப்பைக்குப் போனால், அந்தப் பாட்டியின் ஆறு வருடம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வைபி கட்சிக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். பிறகு என்னிடம், "ஒவ்வொரு கோப்புலயும் ஒரு செட் நகல் எடுத்து, சம்பந்தப்பட்டவங்க கையில குடுத்துடும்மா. அது அவங்க கோப்பு" என்றார். மூன்று வாரம் போட்டோஸ்டாட் மிஷின் ஓடியது. கோயில் கோப்பை மட்டும் அவரே எடுத்துக்கொண்டார். புதிதாக ஜெயித்தவரின் வீட்டுக்கு நேராகப் போனார். நானும் கூடப் போனேன். பிரச்சாரத்தில் வைபியைப் பற்றி அந்த மனிதர் கடுமையாகப் பேசியிருந்தார். வாசலில் பார்த்ததும் அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வைபி கோப்பைத் திறந்து, 5ஏ படிவத்திலிருந்து தொடங்கி ஒரு மணி நேரம் விளக்கினார். கடைசியில், "நீங்க முடிச்சு வைங்க. பேரு உங்களுக்கே வரட்டும்" என்றார். புதியவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் கோப்பை வாங்கினார்.

அவர் வாக்கைக் காப்பாற்றினார். ஒப்புதல் மறுபடி வந்தது. இந்த முறை 5ஏ படிவம் கோயில் முகவரிக்கும், செயலாளராக ஆகியிருந்த தலைவரின் மகளுக்கும் வந்தது. அந்தப் பெண் எனக்குப் போன் பண்ணினாள்: "அக்கா, மூனு மாசம் டைம் இருக்கு." நான் சொன்னேன், "நாளைக்கே கட்டணும்." மறுநாள் காலை நில அலுவலகம் திறக்கும் முன்னமே தலைவர் வேட்டி சட்டையில் வந்து நின்றார். கவுண்டரில் ரசீது வந்தது. அவர் அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். ஒவ்வொரு எழுத்தாக, மலாய் வார்த்தைகளை வாய்விட்டு. கோயில் பெயர் சரியா, தொகை சரியா, தேதி சரியா என்று மகளிடம் கேட்டுக்கொண்டார்.

"இதயும் சட்டம் போட்டு மாட்டிடலாமாப்பா?" என்றாள் மகள்.

"நகல மாட்டு" என்றார். அசலை மடிக்காமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, உறையைச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் மகளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.